ஜப்பானில் ஒரு சமையல் வகுப்பு... அந்தக் கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது?

"ஜப்பானுக்கா? அங்கே போய் என்னத்தைச் சாப்பிடுவீங்க? பேசாம ரெண்டு பாட்டில் புளிக்காய்ச்சல் கிளறி எடுத்துட்டுப் போயிடுங்க!"

பிள்ளையைப் பார்க்கவோ, சும்மா சுற்றிப் பார்க்கவோ ஜப்பான் கிளம்புகிற எந்தக் குடும்பத்துக்கும் இந்த அறிவுரை கிடைக்காமல் இருக்காது. எங்களுக்கும் கிடைத்தது. புளிக்காய்ச்சலோடுதான் கிளம்பினோம். நான் சுத்த சைவம். என் கணவர் முட்டை மட்டும் சாப்பிடுவார். ஆனால், அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக ரத்தக்கொதிப்பு. 'உப்பைக் குறைங்க சார்' என்று டாக்டர் சொல்லாத நாள் கிடையாது.

கியோட்டோவில் இறங்கிய முதல் நாள் மதியம், ஒரு சின்னக் கடையில் காய்கறி உடோன் கேட்டோம். உடோன் என்றால் கோதுமையில் செய்த தடித்த நூடுல்ஸ். பெரிய கிண்ணத்தில் தெளிந்த தண்ணீர் மாதிரி சூப். அதில் நூடுல்ஸ், கீரை, காளான். மீனோ கறியோ துளிக்கூட இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். சூப்பில் மட்டும் லேசாக ஒரு புகை வாசனை. என் கணவர் கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "எண்ணெய் இல்லை, காரம் இல்லை. இதுதாங்க ஆரோக்கியச் சாப்பாடு!" என்றார்.

நாங்கள் இரண்டு பேருமே ஏமாந்திருந்தோம் என்பது மறுநாள் காலை சமையல் வகுப்பில்தான் தெரிந்தது. கடைக்காரர் மேல் குற்றமில்லை. காய்கறி கேட்டோம், காய்கறி போட்டார். விஷயம் தண்ணீரில் இருந்தது!

ஜப்பான் போகிறவர்கள் கோயில், புல்லட் ரயில் எல்லாம் பார்ப்பதற்கு முன்னால் அரை நாள் ஒதுக்கி ஒரு சமையல் வகுப்புக்குப் போய்விடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கியோட்டோ, டோக்கியோ, ஒசாகா என்று எல்லாப் பெரிய ஊர்களிலும் வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். இரண்டு, மூன்று மணி நேரம். பெரும்பாலும் ஒரு வீட்டுச் சமையலறைதான், ஐந்தாறு பேர். பார்த்துக்கொண்டு உட்காரும் வகுப்பு இல்லை. நீங்களே அரிசி களைந்து, நீங்களே நறுக்கி, நீங்களே கொதிக்கவைத்து, கடைசியில் அதையே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஏப்ரனைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சென்ட் போட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள். மென்மையான வாசனையை வைத்து நடக்கிற சமையல் அது.

எங்கள் டீச்சரம்மா கேட்ட முதல் கேள்வியே என்னைத் திகைக்க வைத்தது. "நீங்கள் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். தாஷி பரவாயில்லையா?"

"தாஷின்னா என்னங்க?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு மரத்துண்டை எடுத்து வந்து மேஜையில் தட்டினார். 'டொக் டொக்' என்று சத்தம். தச்சர் வைத்திருக்கும் இழைப்புளியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு பெட்டி. அதில் அந்தத் துண்டைத் தேய்க்கத் தேய்க்க, மெல்லிய மரச்சீவல் போல அடியில் உதிர்ந்தது. முதல் நாள் சூப்பில் அடித்த அதே புகை வாசனை!

அது மரமில்லை. மீன். கட்சுவோபுஷி என்று பெயர். சூரை இன மீனை வேகவைத்து, முள் நீக்கி, பல தடவை புகையில் காட்டி, கல் மாதிரி இறுகும்வரை காயவைக்கிறார்கள். உயர்ந்த ரகத்தில் பூஞ்சை படியவிட்டு வெயிலில் உலர்த்தும் வேலையும் உண்டு, மாதக்கணக்கில் ஆகும். மாலத்தீவிலிருந்து இலங்கைக்கு வந்து சம்பலில் சேர்கிறதே மாசிக் கருவாடு, அதற்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தச் சீவலையும், கொம்பு என்ற கடல்பாசியையும் (நம்ம ஊர்க் கொம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) வெந்நீரில் போட்டு வடிகட்டி எடுக்கும் சாறுதான் தாஷி. நமக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. மிசோ சூப், நூடுல்ஸ் சூப், கீரை ஊறவைக்கும் சாறு, காய் வேகவைக்கும் தண்ணீர், முட்டைச் சுருள் எல்லாவற்றிலும் தாஷி. 'மீன் வேண்டாம்' என்று நாம் சொன்னால், மீன் துண்டு வேண்டாம் என்றுதான் பல இடங்களில் புரிந்துகொள்கிறார்கள். அதனால் வகுப்புக்குப் பதிவு செய்யும்போதே 'மீன் தாஷியும் வேண்டாம்' என்று தனியாக எழுதுங்கள். நான் அதை எழுதவில்லை.

அந்தப் புண்ணியவதி எதற்கும் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் ஒரு பாட்டில் வைத்திருந்தார். முதல் நாள் இரவே குளிர்ந்த தண்ணீரில் கொம்பும் உலர்ந்த ஷிதாகே காளானும் போட்டு ஊறவைத்தது. தேன் நிறத்தில் இருந்தது. புத்த மடங்களின் சமையலில் காலங்காலமாக இந்தச் சைவத் தாஷிதான். ஷோஜின் ரியோரி என்று அந்தச் சமையலுக்குப் பெயர். அதில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. இந்தப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால், கியோட்டோவில் சைவர்கள் தைரியமாகச் சாப்பிடலாம்.

தாஷி எடுப்பதை அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு சின்னத் தணலில் மெதுவாகச் சூடாக்குங்கள். ஓரத்தில் குமிழி கிளம்பும்போதே, கொதிப்பதற்கு முன்னால், கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பும் பாசி வாடையும் இறங்கிவிடும். மீன் சேர்ப்பவர்கள் அடுத்துக் கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, ஒரு பெரிய கைப்பிடி சீவலைப் போட்டு, ஒன்றிரண்டு நிமிஷத்தில் வடிகட்டுகிறார்கள். பிழியக் கூடாதாம். அவசரப்பட்டுக் கரண்டியால் அழுத்திய ஒரு வெள்ளைக்கார அன்பர் வாங்கிக் கட்டிக்கொண்டார்!

இதில் என்ன அவ்வளவு ருசி? 1908-ல் டோக்கியோவில் கிகுனே இகேதா என்ற வேதியியல் பேராசிரியர் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு கொம்பை ஆராய்ந்தார். அதில் குளூட்டமேட் இருப்பதைக் கண்டுபிடித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற கணக்கில் சேராத தனிச் சுவை. கட்சுவோபுஷியிலும் ஷிதாகேயிலும் வேறு வகை உமாமிப் பொருள்கள் இருக்கின்றன. அவை குளூட்டமேட்டோடு சேரும்போது, இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் வருவதைவிடப் பல மடங்கு ருசி நாக்குக்குத் தெரிகிறது. எனவே தாஷி திடமாக இருந்தால் உப்பைக் குறைக்கலாம். நாக்கு குறை சொல்லாது. டீச்சரம்மா இதைச் சொன்னபோது என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சரி, அவர் எங்கே ஏமாந்தார் என்று கேட்கிறீர்களா?

எண்ணெய் இல்லை என்பதற்காக உப்பும் இல்லை என்று நினைத்ததில்தான்! ஒரு மேஜைக் கரண்டி சோயா சாஸில், அதாவது ஷோயுவில், இரண்டரை கிராமுக்குக் குறையாமல் உப்பு இருக்கிறது. ஒரு கிண்ணம் மிசோ சூப்பில் ஏறத்தாழ ஒன்றேகால் கிராம். நூடுல்ஸ் சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தால் ஒரே வேளையில் 5 கிராம் வரை உள்ளே போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஷோயுவில் வெளிர் நிறத்தில் ஒரு ரகம் உண்டு. கியோட்டோ பக்கம் அதுதான் அதிகம். நிறம் குறைவு, உப்பும் குறைவாக இருக்கும் என்று நினைத்தீர்களோ, போச்சு! கறுப்பு ரகத்தைவிட அதில்தான் உப்பு அதிகம்.

ஜப்பானியர் நீண்ட நாள் வாழ்வது எல்லாருக்கும் தெரியும். ஆனால், 1951 முதல் 1980 வரை அந்த நாட்டில் அதிக உயிரைக் குடித்தது பக்கவாதம் என்பது பலருக்குத் தெரியாது. குளிர்காலத்துக்கு ஊறுகாய் போட்டுச் சாப்பிட்டு, மூன்று வேளையும் மிசோ சூப் குடித்த பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. மலைப் பிரதேசமான நகானோவில் 1980-களில் தன்னார்வப் பெண்கள் வீடு வீடாகப் போய் மிசோ சூப்பில் எவ்வளவு உப்பு என்று கருவி வைத்து அளந்து காட்டினார்கள். 'சூப்பைக் காயால் நிரப்பு, நூடுல்ஸ் தண்ணீரை மிச்சம் வை' என்று பிரசாரம் செய்தார்கள். 2010 கணக்கெடுப்பில், ஆண் பெண் இருபாலருக்கும் ஆயுள் அதிகமுள்ள மாகாணம் நகானோதான். உப்புக் குறைப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்கள், வயதான பிறகும் வயலில் இறங்கி வேலை பார்ப்பவர்கள். இருந்தாலும் அந்த மாமிகளை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

வகுப்பில் நாங்கள் செய்த மிசோ சூப்பிலும் பாதிக் கிண்ணம் காய்தான். முள்ளங்கி, டோஃபு, கீரைத்தண்டு எல்லாம் தாஷியில் வெந்த பிறகு அடுப்பை அணைத்துவிட்டு மிசோவைக் கரைக்க வேண்டும். ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற பக்குவம்தான். மிசோ கொதித்தால் வாசனை போய்விடும்.

எதை முதலில் சேர்ப்பது என்பதற்கு அவர்களிடம் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. ச, ஷி, சு, செ, சொ! சர்க்கரை, உப்பு, வினிகர், ஷோயு, மிசோ. ஜப்பானியப் பெயர்களில் வரும் எழுத்துகள் அந்த வரிசையில் அமைகின்றன. உப்பு முந்திக்கொண்டால் சர்க்கரை காய்க்குள் இறங்கத் திணறும்; ஷோயுவும் மிசோவும் வாசனைக்காகக் கடைசியில். நம் வீட்டுக் குழந்தைகளுக்கே ஒரு தடவை சொன்னால் மறக்காது.

கீரையைப் பிழிந்து, வறுத்த எள்ளை அரைத்துப் பிசறும் ஒரு பதார்த்தமும் செய்தோம். எள் அரைக்கும் மண் கலத்துக்குள் சீப்பால் கோடு இழுத்த மாதிரி வரிவரியாக இருக்கிறது. மரக் குழவியால் சுற்றினால் இரண்டு நிமிஷத்தில் எள் பொடிந்துவிடும். கத்தி பிடிக்கும்போது இடது கை விரல்களைப் பூனைப் பாதம் மாதிரி மடக்கிக்கொள்ளச் சொன்னார். அரிவாள்மணைக்குப் பழகிய எனக்கு அதுதான் வரவில்லை.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டையான, ஒட்டும் அரிசி. மூன்று நான்கு தடவை களைந்து, அரை மணி ஊறவைத்து, அளந்த தண்ணீரில் வேகவைத்து, அணைத்த பிறகும் பத்து நிமிஷம் மூடியைத் திறக்காமல் விடுகிறார்கள். கஞ்சி வடிப்பதில்லை. சர்க்கரை நோய்க்காரர்கள் இந்த அரிசியை நம் சாதம் மாதிரி குவித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் கிண்ணமும் சின்னதுதான்; அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வகுப்புக்கு எழுதும்போது உங்கள் உடம்பைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள். வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிற இதய நோயாளிகள், நாட்டோ என்ற நொதித்த சோயா மொச்சையைத் தொடவே கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தை வேலை செய்யவிடாது. தைராய்டு கோளாறு உள்ளவர்கள் கொம்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. அதில் அயோடின் மிக மிக அதிகம். கோதுமை ஒவ்வாதவர்களுக்குச் சாதாரண ஷோயுவும் ஆகாது, அதில் கோதுமை உண்டு. இனிப்புக்காக ஊற்றும் மிரினில் மது இருக்கிறது. வேண்டாம் என்றால் சர்க்கரை போட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

கடையில் சொல்வதற்கு ஒரு வாக்கியமும் கற்றுக்கொண்டு வந்தேன். "நிகு மோ, சகானா மோ தாபேமாசென்". கறியும் சாப்பிட மாட்டேன், மீனும் சாப்பிட மாட்டேன். இதோடு "தாஷி மோ" என்று சேர்த்தேனோ இல்லையோ, கடைக்காரர் கையில் இருக்கும் கரண்டி அப்படியே நிற்கும்! சில கடைகளில் மன்னிப்புக் கேட்டுக் கைவிரித்தார்கள். அதுவும் நல்லதுதானே? சில கடைகளில் வெறும் சாதம், டோஃபு, ஊறவைத்த காய் என்று தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். என் கணவர் அதற்கப்புறம் ஒரு கிண்ணம் சூப்கூட முழுதாகக் குடிக்கவில்லை. நூடுல்ஸை எடுத்துக்கொண்டு தண்ணீரைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுவார்.

கிளம்பும்போது ஒரு பாக்கெட் கொம்பு வாங்கி வந்தேன். ஈரம் படாமல் டப்பாவில் மூடி வைத்தால் பல மாதம் கெடாமல் இருக்கிறது. மேலே வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பூசணம் என்று நினைத்துக் கழுவித் தொலைக்காதீர்கள், ருசியே அதில்தான். ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். சாறு எடுத்த பிறகும் தூக்கி எறிய வேண்டாம். மெல்லிசாக நறுக்கி, கொஞ்சம் சர்க்கரை, துளி ஷோயு விட்டுச் சுண்டக் காய்ச்சி, மேலே வறுத்த எள் தூவினால் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம்.