"சுகந்தான் பிள்ளை"

வன்னிக் கிராமங்களில் விறகடுப்போடு காலம் கழித்த தாய்மாரிடம் சுகம் விசாரித்தால், "சுகந்தான் பிள்ளை. வயது போகுது, கொஞ்சம் இளைக்குது" என்பார்கள். குடும்பத்தைத் தனியே சுமப்பவர்களுக்குத் தம்மை நோயாளி என்று சொல்லவே பயம்.

"முந்திச் செய்து இப்ப விட்ட வேலை என்ன?" என்று கேட்பேன். தண்ணீர் அள்ளுவது மகளின் வேலையாகியிருக்கும். கோயிலுக்கு நடப்பது நின்றிருக்கும். இளைக்கும் வேலைகளை ஒவ்வொன்றாய் விடுவதால், வருத்தம் கூடுவது அவர்களுக்கே தெரிவதில்லை.

நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் புகைபிடிப்பவர்களுக்கு மட்டும் வருவதல்ல. பல வருடம் அடுப்புப் புகையைச் சுவாசித்த பெண்களுக்கும் வரும். இந்நோய்க்கென 2009இல் வெளிவந்த 8 கேள்விகள் கொண்ட மதிப்பீட்டுத்தாள், இருமல், சளியோடு வீட்டுவேலை, நித்திரை, வெளியே போகும் துணிவு என்பவற்றையும் கேட்கிறது. ஊதிப் பார்க்கும் பரிசோதனை இவற்றைச் சொல்லாது.

பழுதான நுரையீரல் முழுதாகத் திரும்பாது. ஆனால் இன்ஹேலரும் உடற்பயிற்சியும் இளைப்பைத் தணிக்கும். புகை குறைந்தால் மேலும் பழுதாவதும் குறையும்.

சகோதரிகளே, போன வருடம் செய்து இந்த வருடம் விட்ட வேலைகளை எண்ணிப் பாருங்கள். அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று, இருமலோடு அவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.