தீவுகளில் விறகு வாயு மின்சாரம்

மேற்கு வங்கத்துச் சுந்தரவனத் தீவுகளை ஆறுகளும் கடற்கழிகளும் சூழ்ந்துள்ளன. அகன்ற நீர்ப்பரப்பைத் தாண்டி மின்கம்பிகளைக் கொண்டு செல்லுதல் பெருஞ்செலவு பிடிக்கும் வேலையாதலால், அங்கே நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குகளே எரிந்து வந்தன. இக்குறையைப் போக்கும் பொருட்டு, 1997-ஆம் ஆண்டில் கோசாபா தீவில் 500 கிலோவாட் திறனுள்ள விறகு வாயு மின்நிலையம் நிறுவப்பட்டது. நிருவாகத்தில் உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கம் பங்கேற்றது. 2001-ஆம் ஆண்டில் சோட்டோ மொல்லாக்காலித் தீவிலும் அதே திறனுள்ள நிலையம் ஒன்று அமைந்தது.

வாயு உண்டாகும் முறை

உலர்ந்த விறகுத் துண்டுகள் மூடிய உலையினுள் மேலிருந்து இடப்படுகின்றன. காற்று அளவாகவே விடப்படுவதால் விறகு முழுவதும் எரிந்து போவதில்லை. முதலில் ஈரம் நீங்குகிறது. அடுத்து விறகு, கரியாகவும் தார் கலந்த ஆவியாகவும் சிதைகிறது. இவற்றில் ஒரு பகுதி எரிந்து கடும் வெப்பத்தைத் தருகிறது. அப்போது தோன்றும் கரியமில வாயுவும் நீராவியும் கனன்ற கரியினூடே செல்லுங்கால், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் உண்டாகின்றன. இவையே எஞ்சினை இயக்கும் வாயுக்கள்.

இவ்வாயுவைக் குளிரச் செய்து, தாரையும் சாம்பலையும் நீக்கிய பின்னரே எஞ்சினுக்கு அனுப்புதல் வேண்டும். தவறின் வால்வுகளில் தார் படிந்து எஞ்சின் பழுதுறும். வாயுவுடன் சிறிது டீசலையும் கொண்டு இயங்கும் எஞ்சினில், டீசல் செலவை ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு குறைக்கலாம்.

விறகு கிடைக்கும் வழி

தீவின் கரையிலுள்ள சதுப்புநிலக் காட்டை இதற்காக வெட்டுதல் பெருந்தீங்காகும். அம்மரங்களின் வேர்கள் கரை மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. மரங்கள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் வீசிய ஐலாப் புயலின்போது, சுந்தரவனத்தில் கரைகள் உடைந்து வயல்களில் உப்புநீர் புகுந்தது. விளக்கெரிக்கும் பொருட்டு இயற்கை அரணை அழிப்பது அறிவுடைமையாகாது. ஆகவே, விறகுக்கெனத் தனித்தோப்பு வளர்த்தல் இன்றியமையாதது.

அதன் பரப்பை எளிதில் கணக்கிடலாம். 100 கிலோவாட் எஞ்சின் மாலையில் 5 மணி நேரம் முழுத்திறனில் ஓடினால் 500 யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு ஒரு கிலோகிராம் உலர்விறகு எனக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 182 டன் தேவை. எக்டேருக்கு ஆண்டுதோறும் 10 டன் விளையும் நிலமாயின், 18 எக்டேருக்குச் சற்றுக் கூடுதலான தோப்பு வேண்டும். நான்காண்டு மரத்தை வெட்டுவதாயின், தோப்பை நான்கு பகுதிகளாக்கி, ஆண்டுக்கு ஒன்றாக வெட்டி மீண்டும் வளர்த்தல் வேண்டும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

விறகின் ஈரம் 20 சதவீதத்திற்கு மேற்படலாகாது. மழைக்காலத்துக்கு வேண்டிய விறகை முன்னரே உலர்த்திக் கூரையின்கீழ் அடுக்குதல் நலம். கார்பன் மோனாக்சைடு மணமற்ற நச்சு வாயுவாதலால், உலைக்கூடம் நன்கு காற்றோட்டமுடையதாக இருத்தல் வேண்டும்.

எஞ்சினைச் சில மாதங்களில் நிறுவிவிடலாம். மரம் வளர ஆண்டுகள் செல்லும். ஆதலால், இத்தகைய திட்டத்தின் முதற்பணி நாற்றங்காலில் தொடங்குதல் வேண்டும்.