வறண்ட குளத்துக்குள் ஒரு முட்டை வங்கி!

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் இருக்கிறது கொட்டாரம். வயலும் தென்னையும் குளமுமாக நாஞ்சில் நாட்டுக்கே உரிய ஊர். கும்பப்பூ அறுவடை முடிந்து, கால்வாயிலும் தண்ணீர் நின்றுவிட்டால், இந்தப் பக்கத்துச் சிறு குளங்கள் வற்றத் தொடங்கும். அடித்தரை வெடித்துக் கிடக்கும் குளத்தைப் பார்த்தால், 'இனி இதுல என்ன இருக்கு?' என்றுதான் தோன்றும்.

இருக்கிறது. அந்த வண்டலுக்குள் ஏராளமான முட்டைகள் அடுத்த மழைக்காகக் காத்திருக்கின்றன.

யாருடைய முட்டைகள்?

வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு 'மொய்னா' தெரிந்திருக்கும். கடுகைவிடச் சின்னதாக, தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும். மொய்னா, டாஃப்னியா, சைக்ளோப்ஸ், ரோட்டிஃபர் போன்றவற்றை விலங்கு மிதவை உயிரிகள் என்கிறோம். தண்ணீரைப் பச்சையாக்கும் பாசியைத் தின்பவை இவற்றில் பல. பொரித்து வந்த மீன்குஞ்சுக்கு முதல் சாப்பாடும் இவைதான்.

நல்ல காலத்தில் மொய்னாவும் டாஃப்னியாவும் ஆண் துணையே இல்லாமல் பெருகும். தாய் பெறுவதெல்லாம் மகள்களே. தண்ணீர் வற்றி, கூட்டம் நெருக்கி, உணவு குறைந்தால் கணக்கு மாறும். அப்போது ஆண்களும் பிறக்கும். இனச்சேர்க்கைக்குப் பிறகு உருவாகும் முட்டைகளைக் குதிரைச் சேணம் போன்ற கெட்டியான உறை மூடிக்கொள்ளும். வெயில் காய்ந்தாலும், மீன் விழுங்கினாலும் பெரும்பாலும் தாங்கும். இப்படி வண்டலில் சேரும் முட்டைகளை விஞ்ஞானிகள் 'முட்டை வங்கி' என்றே அழைக்கிறார்கள்.

முள் முளைக்கும், நிறம் மாறும்

தண்ணீர் இருக்கும்போதும் நெருக்கடிக்குக் குறைவில்லை. ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் ஆக்ஸிஜன் குறையும். அப்போது மொய்னா உடலில் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொண்டு சிவப்பாக மாறும். பிராக்கியோனஸ் என்ற ரோட்டிஃபர், தன்னைத் தின்னும் ஆஸ்பிளாங்க்னாவின் வாடை தண்ணீரில் கலந்ததும், நீண்ட முட்களோடு பிள்ளை பெறும். முள் இருந்தால் விழுங்குவது கஷ்டம் அல்லவா!

ஐரோப்பாவின் கான்ஸ்டன்ஸ் ஏரியில் 1960, 70-களில் கழிவுநீர் சேர்ந்து நச்சுப்பாசி பெருகியது. அந்த ஏரியின் வண்டலிலிருந்து வெவ்வேறு கால டாஃப்னியா முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்துப் பார்த்தார்கள். நச்சுப்பாசி வருவதற்கு முந்தைய வம்சம் அதைத் தின்று வளரத் திணறியது. பிந்தைய வம்சம் சமாளித்தது. சில பத்தாண்டுகளிலேயே அந்த இனம் மாறியிருந்தது. 1999-ல் வெளியான ஆய்வு இது.

பறவை தரும் லிஃப்ட்

கொட்டாரத்துக்குப் பக்கத்தில்தான் சுசீந்திரம் தேரூர் சதுப்புநிலம். 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து நீர்ப்பறவைகள் வந்து இறங்கும் இடம். இப்படிப்பட்ட பறவைகளின் காலில் ஒட்டிய சேற்றிலும் எச்சத்திலும் இந்த முட்டைகள் குளம் விட்டுக் குளம் பயணம் செய்கின்றன. ஒரு குளத்தில் வம்சம் அழிந்தாலும், பக்கத்துக் குளத்திலிருந்து திரும்ப வர வழி உண்டு.

ஆனால், பக்கத்தில் குளம் இருக்க வேண்டுமே! வறட்சியைத் தாங்கும் முட்டையால் வீட்டு மனைக்காகக் கொட்டும் செம்மண்ணைத் தாங்க முடியாது. மண் மூடினால் பொரிக்கத் தண்ணீர் இல்லை. அடியில் சிமென்ட் போட்டால் வங்கியே இல்லை. தூர் வாருவது அவசியம்தான். ஆனால், மேல் வண்டலை முழுக்க வழித்தெடுக்காமல் ஒரு ஓரத்தை விட்டுவைத்தால், அங்கிருந்து உயிர் மறுபடி பரவும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், இந்தக் கோடையில் ஒரு சோதனை. காய்ந்த குளத்து வண்டலில் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். மழைநீரோ குளோரின் கலக்காத கிணற்றுநீரோ ஊற்றி, வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். சில நாட்களில் தண்ணீரில் சின்னச் சின்னப் புள்ளிகள் துள்ளத் தொடங்கலாம்.