ஒரு துண்டு வெண்கட்டி

நற்பிரஜைகளை உருவாக்குவது பாடசாலையின் கடமை என்று பரிசளிப்பு விழா மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதற்குக் குடியியல் பாடம் இருக்கிறது. மாணவத் தலைவர்கள் இருக்கிறார்கள். மாணவர் பாராளுமன்றமும் கூடுகிறது. ஆனால் பிள்ளை இதை உண்மையில் எங்கே கற்றுக்கொள்கிறது?

சில வருடங்களுக்கு முன் எனது எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் கவராயத்தின் முனையால் மேசையில் தன் பெயரைச் செதுக்கிக்கொண்டிருந்தான்.

"இது யாருடைய மேசை?" என்று அதட்டினேன்.

"கவர்மெண்ட் மேசை, மௌலவி."

யாருடையதும் இல்லை என்பதுபோல் இருந்தது அந்தப் பதில். பொதுச் சொத்து ஓர் அமானிதம் என்று அந்தப் பாடவேளை முழுவதும் பேசினேன்.

அன்று மாலை வீட்டில் என் இளைய மகள் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தாள். "எங்கே எடுத்தீங்க மகள்?" என்றேன். "வாப்பாட பேக்கில" என்றாள்.

பாடம் முடிந்ததும் எஞ்சிய துண்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவது என் நெடுநாள் பழக்கம். துண்டுதானே என்று நினைத்திருந்தேன். அந்த மாணவனும் மேசைதானே என்று நினைத்திருப்பான்.

நமது நாட்டில் 1945இல், சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், இலவசக் கல்வி வந்தது. 1980இல் இலவசப் பாடநூலும், 1993இல் இலவசச் சீருடையும் வந்தன. 'இலவசம்' என்ற சொல்தான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. கடையில் வாங்கும் எத்தனையோ பொருள்களின் விலைக்குள் வரியும் அடங்கியிருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணும், கரைவலை இழுப்பவரும், பிள்ளைப் பாக்கியம் இல்லாதவரும் செலுத்திய பணத்தில் வந்ததே அந்த மேசை. அந்த வெண்கட்டியும் அப்படித்தான்.

மறுநாள் துண்டுகளைக் கொண்டுபோய் வகுப்பின் முன்னாலேயே பெட்டியில் போட்டேன். நடந்ததைச் சொன்னபோது வெட்கமாகத்தான் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த மாணவன் சாண்ட்பேப்பர் கொண்டுவந்து மேசையைத் தேய்த்தான். நான் சொல்லவில்லை. எழுத்துகள் முழுதாக அழியவுமில்லை.

என் நீண்ட பிரசங்கம் செய்யாததை அந்தத் துண்டுகள் செய்தன. உரிமைகளையும் கடமைகளையும் புத்தகம் வரிசைப்படுத்தித் தரலாம். பரீட்சையில் புள்ளியும் கிடைக்கலாம். ஆனால் பிள்ளைகள் நமது வாயைவிட நமது கையையே அதிகம் பார்க்கின்றன.

பெற்றோர்களே! காரியாலயத்துப் பேனை, தோட்டத்துக்குத் திருப்பிய பொதுக் குழாய்த் தண்ணீர், டிக்கட் எடுக்காமல் இறங்கிய பஸ் பயணம்... நமது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும் குடியியல் பாடம் எது? இன்றிரவு நமது பைகளையும் ஒருமுறை திறந்து பார்ப்போமா?