புது கார் நடுரோட்டில் தீப்பிடித்தால் குற்றம் யார் மேல்? குற்றாலம் சீசனில் கார் ஓட்டுபவர்கள் தெரிந்து கொள்ள வேண்டியவை

தென்காசி:

ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்து விட்டால் தென்காசியில் இருந்து குற்றாலம் போகும் ரோட்டில் கார்கள் எறும்பு போல ஊர்ந்துதான் போகும். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கு பார்த்தாலும் வெளியூர் வண்டிகள். கார்த்திகை பிறந்தால் அய்யப்ப பக்தர்களின் வண்டிகள் செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறும். மேடு, வளைவு, நெரிசல் என்று என்ஜினுக்கு ஓய்வே கிடையாது.

அந்த நேரம் பார்த்து பின் சீட்டில் இருப்பவர், "அண்ணாச்சி, ஏதோ கருகுற வாடை வருதே" என்று சொன்னால் டிரைவருக்கு வயிற்றில் புளியை கரைக்கும். உயிர் பிழைத்தாலும் அடுத்த கவலை காத்திருக்கிறது. கடன் வாங்கி வாங்கிய கார் கரிக்கட்டையாகி விட்டால் தவணையை யார் கட்டுவது? கம்பெனி நஷ்டஈடு தருமா? "தப்பு உங்க மேலதான்" என்று கையை விரித்து விடுமா?

நாட்டையே பேச வைத்த நானோ

இந்த கேள்வியை நாடு முழுவதும் பேச வைத்தது டாடா நானோ கார். "ஒரு லட்சம் ரூபாய் கார்" என்ற பெயரோடு 2009-ம் ஆண்டு மார்ச் மாதம் அறிமுகமானது. பைக்கில் குடும்பத்தோடு மழையில் நனைந்து போகிறவர்களுக்காக வந்த கார் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். இதன் 624 சி.சி. என்ஜின் காரின் பின்பக்கம் இருந்தது.

2010-ம் ஆண்டு மார்ச் மாதம் மும்பையில் ஒரு புத்தம் புது நானோ, ஷோரூமில் இருந்து வீட்டுக்கு போகும் வழியிலேயே தீப்பிடித்து எரிந்தது. வேறு சில நானோ கார்களிலும் தீ, புகை என்று புகார்கள் வந்தன.

கம்பெனி விசாரணை நடத்தியது. அந்த ஆண்டு மே மாதம் அதன் முடிவை வெளியிட்டது. "காரின் தயாரிப்பில் குறை இல்லை. கூடுதலாக பொருத்திய மின்சாதனங்களும், சூடான புகைக்குழாய் மேல் கிடந்த வெளிப்பொருளும்தான் காரணம்" என்பது கம்பெனியின் விளக்கம்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. 2010 நவம்பரில் சுமார் 70 ஆயிரம் நானோ கார்களுக்கு புகைக்குழாய், மின் வயரிங் ஆகியவற்றில் கூடுதல் பாதுகாப்பு வசதியை இலவசமாக செய்து தருவதாக கம்பெனி அறிவித்தது. "இது காரை திரும்ப பெறுவது அல்ல" என்றும் சொன்னது. அந்த நவம்பரில் விற்ற நானோ கார்கள் வெறும் 509. பிறகு விற்பனை கொஞ்சம் தேறினாலும் பழைய மவுசு திரும்பவில்லை. 2018-ம் ஆண்டோடு நானோ தயாரிப்பே நின்று போனது.

எல்லா கம்பெனிகளும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. அதே 2010 பிப்ரவரியில் மாருதி கம்பெனி தன் ஏ-ஸ்டார் கார்களில் பெட்ரோல் கசிய வாய்ப்பு இருப்பதாக கூறி சுமார் 1 லட்சம் கார்களை வரவழைத்து சரி செய்து கொடுத்தது.

நாம் செய்யும் தப்பு என்ன?

"கூடுதல் மின்சாதனம்" என்று கம்பெனி சொல்வது வெறும் சாக்கு அல்ல. அதில் விஷயம் இருக்கிறது. கணக்கு போட்டு பார்த்தால் புரியும்.

கார் முகப்பு விளக்கில் வழக்கமாக வரும் ஆலஜன் பல்பு 55 முதல் 60 வாட்ஸ். 12 வோல்ட் பேட்டரியில் ஒரு பல்புக்கு சுமார் 5 ஆம்பியர் மின்சாரம் பாயும். வெளிச்சம் பத்தவில்லை என்று 100 வாட்ஸ் பல்பு போட்டால் அது 8 ஆம்பியரை தாண்டி விடும். ஆனால் வயர் அதே பழைய வயர்தான். அது சூடாகி, மேல் உறை உருகி, மின்கசிவு ஏற்படும். அடிக்கடி பியூஸ் போகிறதே என்று கம்பியை சுற்றி வைத்தால் கதை முடிந்தது. வண்டியை காப்பாற்ற வேண்டிய பியூசே வேலை செய்யாது.

பாட்டு பெட்டி, ரிவர்ஸ் கேமரா, கலர் லைட் என்று வயரை நடுவில் வெட்டி இணைப்பு கொடுப்பதும் ஆபத்துதான். பல நாள் நிறுத்தி வைத்த காரில் எலி வயரை கடித்திருக்கலாம். பெட்ரோல் டியூப்பில் வெடிப்பு விழுந்து, கசிவு சூடான என்ஜின் மேல் பட்டாலும் தீதான். காய்ந்த புல், சருகு மேல் காரை நிறுத்தினால் அடியில் உள்ள புகைக்குழாய் சூடே பற்ற வைத்து விடும். என்ஜினை துடைத்த துணியை உள்ளேயே மறந்து விடுபவர்களும் உண்டு.

புகை வந்தால் என்ன செய்ய வேண்டும்?

உடனே ஓரம் கட்டி என்ஜினை அணைக்க வேண்டும். லாக்கை எடுத்து விட்டு எல்லோரும் இறங்கி தள்ளிப்போய் நிற்க வேண்டும். பை, செல்போன் என்று திரும்ப ஓடக்கூடாது. பானெட்டை திறக்கவே கூடாது. திறந்தால் காற்று புகுந்து தீ குப்பென்று முகத்தில் அடிக்கும். தீயணைப்பு துறைக்கு 101 அல்லது 112-க்கு போன் செய்ய வேண்டும்.

கதவு திறக்காவிட்டால்? 2023-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந்தேதி கேரள மாநிலம் கண்ணூரில் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்கு போன கார் தீப்பிடித்தது. பின் சீட்டில் இருந்த 4 பேர் தப்பினார்கள். முன் கதவுகளை திறக்க முடியாமல் கர்ப்பிணியும் அவரது கணவரும் பலியானார்கள். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. கண்ணாடி உடைக்கும் சின்ன சுத்தியல் ஒன்று டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கதவு கண்ணாடியின் நடுவில் அடிக்காமல் மூலையில் அடித்தால் சீக்கிரம் உடையும்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

நானோ காலத்தில் குறையுள்ள காரை திரும்ப பெறும்படி கம்பெனிக்கு உத்தரவு போட தனி சட்டப்பிரிவு கிடையாது. 2019-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்ட திருத்தத்தில்தான் 110-ஏ பிரிவு வந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. இதன்படி 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டியில் பாதுகாப்பு குறை இருந்தால் உரிமையாளர் மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். ஒரே மாடல் மீது குறிப்பிட்ட அளவுக்கு புகார்கள் சேர்ந்தால் விசாரணை நடக்கும். கட்டாயமாக திரும்ப பெற உத்தரவானால் கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. "நம்ம ஒரு ஆளு சொல்லி என்ன ஆகப்போகுது" என்று சும்மா இருந்தால் எண்ணிக்கை சேராது.

நஷ்டஈடுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்கு போடலாம். சொந்த பிழைப்புக்காக டாக்சி ஓட்டுபவரும் நுகர்வோர்தான். "தொழிலுக்கு வாங்கிய வண்டி" என்று சொல்லி அவரை ஒதுக்கி விட முடியாது.

எரிந்த காரை விற்று விடாதீர்கள்

அவசரப்பட்டு எரிந்த வண்டியை பழைய இரும்புக்கு போட்டு விடக்கூடாது. அதுதான் முக்கிய சாட்சி. போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். தீயணைப்பு துறையின் சான்று, நாலாபுறமும் எடுத்த போட்டோ, சர்வீஸ் பில் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும்.

இன்சூரன்சிலும் கவனம் தேவை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் போட்டிருந்தால் உங்கள் கார் எரிந்ததற்கு ஒரு பைசா கிடைக்காது. முழு காப்பீடு வேண்டும். கியாஸ் கிட் பொருத்தியதை ஆர்.சி. புத்தகத்திலும் பாலிசியிலும் ஏற்றாவிட்டால் பணம் வருவது கஷ்டம்.

குறை கம்பெனியுடையதா, வயரை வெட்டிய மெக்கானிக்குடையதா என்ற சண்டை எப்போதும் வரும். வயரை யாரும் தொடவில்லை என்பதற்கு உங்கள் கையில் சர்வீஸ் பில் இருந்தால் அந்த சண்டையில் பாதி ஜெயித்த மாதிரி. இந்த சீசனுக்கு அருவிக்கு கிளம்பும் முன்பு பானெட்டை ஒரு தடவை திறந்து பார்த்து விட்டு கிளம்புங்கள்.