தரை உயர்ந்த நகரம்: கால்வெஸ்டனின் பழைய படங்கள்

பழைய புகைப்படம் ஒன்று கையில் கிடைத்தால் நம் கண் முதலில் முகங்களைத் தேடும். பிறகு உடை, வண்டி, கடைப்பலகை. தரையை யாரும் கவனிப்பதில்லை. அது இருந்த இடத்தில்தான் இருக்கும் என்பது நம் நம்பிக்கை. ஆனால் அமெரிக்காவின் தென்பகுதியில், டெக்சாஸ் மாநிலக் கரையை ஒட்டிய தீவில் இருக்கும் கால்வெஸ்டன் நகரத்துப் பழைய படங்களைப் பார்க்கிறவர் தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1900க்கு முன் எடுத்த படத்தில் வாசலுக்கு ஏறப் பல படிகள் இருக்கும். 1911க்குப் பின் எடுத்த படத்தில் அதே வீட்டுக்கு இரண்டு மூன்று படிகளே மிஞ்சியிருக்கும். வீடு தாழ்ந்துவிடவில்லை, தெரு உயர்ந்துவிட்டது!

அந்நகரின் ரோசன்பர்க் நூலகத்தில் இத்தகைய படங்கள் ஏராளமாகச் சேகரித்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் புயலுக்கு முந்தியவை ஒரு செல்வம் கொழித்த துறைமுகத்தைக் காட்டுகின்றன: பருத்திப் பொதிகள், கப்பல்களின் பாய்மரங்கள், கடலுக்குள் கால் ஊன்றி நின்ற குளியல் விடுதிகள். அன்று மக்கள்தொகை சுமார் 38,000. ஊரில் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடிக்கும் குறைவு. தடுப்புச் சுவர் வேண்டும் என்று சிலர் கேட்டபோது, அது தேவையற்றது என 1891இல் செய்தித்தாளில் எழுதியவர் அவ்வூர் வானிலை அதிகாரி ஐசக் கிளைன். கடலடி மெதுவாகச் சரிந்து செல்வதால் அலைகள் தொலைவிலேயே உடைந்து வலுவிழக்கும் என்பது அவருடைய வாதம்.

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் புயலில் ஊரை மூழ்கடிப்பது தனித்தனி அலை மட்டுமல்ல. கடல் மட்டமே உயர்கிறது. இதற்குப் புயல் எழுச்சி என்று பெயர். புயலின் நடுவில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலெழும். இது சிறு பங்குதான். பெரும் பங்கு காற்றினுடையது. காற்று நீரைக் கரை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கடல் ஆழமாக இருந்தால் தள்ளப்பட்ட நீர் அடிவழியே திரும்பிவிடும். ஆழம் குறைந்த சரிவில் அதற்கு வழியில்லை. ஆகவே குவிந்து ஏறுகிறது. கிளைன் கேடயம் என்று நம்பிய அதே சரிவுதான் பகையாயிற்று.

1900 செப்டம்பர் 8, சனிக்கிழமை. கடல் பதினைந்து அடிக்கு மேல் உயர்ந்தது. குறைந்தது 6,000 பேர், பெரும்பாலோர் ஏற்கும் கணக்கின்படி சுமார் 8,000 பேர் ஒரே இரவில் மாண்டனர். கிளைனின் மனைவியும் அவர்களுள் ஒருவர். கடலோரத்து அனாதை இல்லம் ஒன்றில் 90 குழந்தைகளும் 10 கன்னியாஸ்திரீகளும் இறந்தார்கள். தப்பியவர்கள் மூன்று சிறுவர்களே.

அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஒரு டாலர் விலையில் 'பிரௌனி' பெட்டிக் காமிரா விற்பனைக்கு வந்திருந்தது. தொழில்முறைக் கலைஞர்களோ கண்ணாடித் தகட்டுக் காமிராக்களுடன் வந்தார்கள். இரட்டைப் படங்களும் எடுக்கப்பட்டன. இரு கண்களின் இடைவெளியில் அமைந்த இரு வில்லைகள் ஒரே காட்சியைச் சற்றே மாறுபட்ட இரு கோணங்களில் பதிவு செய்யும். அந்த அட்டையை அதற்கான கருவியில் வைத்துப் பார்த்தால் இடிபாடு கண்முன் ஆழத்தோடு எழுந்து நிற்கும். வேடிக்கை பார்க்கவே அவை விற்கப்பட்டன என்பது உண்மை. ஆயினும் அவற்றால் பயன் விளைந்தது.

அவற்றில் ஒன்றைக் கவனியுங்கள். உடைந்த மரம், கூரை, கட்டில், பியானோ எல்லாம் சேர்ந்து இரண்டு மாடி உயரத்துக்குக் குவிந்து, மைல் கணக்கில் ஒரு சுவர் போல ஊரின் குறுக்கே கிடக்கிறது. அந்தச் சுவருக்குக் கடல்புறம் வெறும் மணல். உட்புறத்திலோ வீடுகள் நிற்கின்றன. முன்வரிசை வீடுகளின் சிதைவே அலைதாங்கியாக மாறி மற்றவற்றைக் காத்திருக்கிறது. சுவர் எங்கே வேண்டும் என்று கடலே கோடு கிழித்துக் காட்டியதுபோல!

படம் சொல்லாததும் உண்டு. இடிபாடு அகற்றும் தொழிலாளரைக் காட்டும் படங்களில், பிணங்களைச் சுமக்கக் கறுப்பின ஆண்கள் துப்பாக்கி முனையில் பிடித்துவரப்பட்ட செய்தி தெரியாது. அடிமைகளுக்கு விடுதலை என்று 1865 ஜூன் 19இல் அறிவிக்கப்பட்டது இதே ஊரில்தான்.

ஊரைக் கைவிடுவதா, காப்பதா? ஹென்றி ராபர்ட், ஆல்பிரட் நோபிள், ரிப்ளி என்ற மூன்று பொறியாளர்கள் 1902இல் இரண்டு பரிந்துரைகள் செய்தனர். ஒன்று, பதினேழு அடி உயரக் கான்கிரீட் சுவர். அது 1902 அக்டோபரில் தொடங்கி 1904இல் மூன்று மைலுக்கு மேல் நீண்டு முடிந்தது. அடியில் 16 அடி அகலம், உச்சியில் 5 அடி. கடல்புற முகம் உட்குழிந்து வளைந்திருக்கும். மோதும் அலை நேரே தள்ளாமல் வளைவில் ஏறி மேல்நோக்கித் திரும்பிவிடும்.

இரண்டாவது பரிந்துரைதான் வியப்பானது: ஊரையே உயர்த்துவது. ஏறத்தாழ 500 தெருக்கட்டங்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள். ஊருக்குள் 20 அடி ஆழக் கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. துறைமுக வாயிலில் மணலை வாரிய தூர்வாரிக் கப்பல்கள் அதன் வழியே வீடுகளுக்கிடையில் வந்து நின்றன. மணலும் நீரும் கலந்த குழம்பைக் குழாய்கள் வழியே பீய்ச்சினார்கள். மணல் படியும், நீர் வடிந்து போகும். அதற்கு முன் வீடுகளை, திருகுத் தூக்கிகளை அடியில் வரிசையாக வைத்து, ஆட்கள் சைகைக்கு ஏற்ப ஒரே நேரத்தில் திருகித் தூக்க வேண்டும். ஒரு மூலை முந்தினாலும் சுவர் விரிசல் விடும். 3,000 டன் எடையுள்ள புனித பாட்ரிக் தேவாலயத்தை 700 தூக்கிகளால் ஐந்தடி உயர்த்தினார்கள்.

அக்காலப் படங்களில் வீடுகள் கட்டைக்கால்களில் நிற்கும். மக்கள் பலகைப் பாலங்களில் நடந்து கடைக்குப் போவார்கள். உப்பு மணல் பட்டு மரமெல்லாம் பட்டுப்போயிருக்கும். கால்வாய் தெரியும் படமென்றால் 1904க்கும் 1911க்கும் இடைப்பட்டது என்று தயங்காமல் சொல்லலாம். இந்தச் செலவில் மணலுக்குரியது அரசு சார்ந்தது. வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரருடையது. முடியாதவர்கள் கீழ்த்தளத்தை மணலுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

ஓரிடத்தில் எவ்வளவு நிரப்பினார்கள் என்பதைப் படத்திலிருந்தே கணக்கிடலாம். காமிரா நின்ற தொலைவு தெரியாதபோது நேரே அளப்பது தவறாகிவிடும். அளவு தெரிந்த பொருள் ஒன்று படத்திலேயே வேண்டும். படிக்கட்டு அதற்கு ஏற்றது. ஒரு படி ஏழு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் படிகளில் ஏழு மறைந்திருந்தால் நிரப்பு 49 அங்குலம், அதாவது நான்கடிக்குச் சற்று மேல். ஆனால் அந்த வீடு தூக்கப்படாததாக இருக்க வேண்டும். தூக்கப்பட்ட வீட்டுக்கு இக்கணக்கு செல்லாது.

1915 ஆகஸ்டில் அதே வலிமையுள்ள புயல் வந்தது. சுவர் நின்றது; ஊருக்குள் இறந்தவர்கள் பத்துப் பேர் அளவிலேயே. ஆனால் சுவருக்கு ஒரு விலை இருந்தது. பழைய படங்களில் காணும் அகன்ற மணற்கரை, சுவருக்கு முன்னால் வரவரத் தேய்ந்தது. அசையாத சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலை அரித்துச் செல்லும். 1930களில் கடலுக்குள் கல்வரிசைகள் நீட்டப்பட்டன. 1995இல் மணலையே கொண்டுவந்து கொட்டினார்கள். 2008 செப்டம்பரில் 'ஐக்' புயலின்போது நீர் சுவரைச் சுற்றி, பின்புற விரிகுடா வழியாக ஊருக்குள் புகுந்தது.

1859இல் கட்டப்பட்ட ஆஷ்டன் வில்லா என்ற செங்கல் மாளிகை இன்றும் அங்கே உள்ளது. அதை உயர்த்தவில்லை, நிலவறையை மணலால் நிரப்பினார்கள். முன்புற இரும்பு வேலி இப்போது பார்ப்பதற்குக் குட்டையாகத் தெரியும். அதன் அடிப்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது.