ஓ-ரிங், ஹீட் கன், டிஷ்யூ பேப்பர்: சத்தமில்லாத ஒரு கம்ப்யூட்டர் தயாராகிறது!

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் என்ன கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும். ரேம் எவ்வளவு, கேம் ஓடுமா, வாரன்டி எத்தனை வருஷம்? "ஓ-ரிங் கூடுதலா நாலு குடுங்கண்ணே" என்று யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? என் அக்கா மகன் கேட்பான். சென்னையில் அக்கா வீட்டு ஹாலில் அவன் பரப்பி வைத்திருக்கும் சாமான்களைப் பார்த்தால், பிளம்பிங் கடைக்கும் மீன் தொட்டிக் கடைக்கும் கல்யாணம் முடிந்து சீர்வரிசை வந்து இறங்கியிருப்பது போலிருக்கிறது. பம்ப், ரேடியேட்டர், கண்ணாடி நீர்த்தொட்டி, பளபளக்கும் ஃபிட்டிங்குகள், மீட்டர் கணக்கில் பைப். நடுவில், பாவம், ஒரு மதர்போர்டு.

வாட்டர் கூலிங்! அதுவும் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் 'ஏஐஓ' பெட்டி இல்லை. ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்து, பைப்பைக்கூடக் கையால் வளைத்துச் செய்யும் கஸ்டம் லூப். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியவை. ஃபிட்டிங்கும் வாட்டர் பிளாக்கும் ஆன்லைனில் ஆர்டர் செய்து கூரியரில் வந்தவை.

"ஏன்டா, கரண்டும் தண்ணியும் சேர்ந்தா என்ன ஆகும்னு ஸ்கூல்ல சொல்லித் தரலையா?" என்று அக்கா காபி டம்ளரை நீட்டினாள்.

"அது சேராமப் பாத்துக்கறதுதாம்மா இதுல கிக்கே!"

சரி, நாமும் உள்ளே எட்டிப் பார்ப்போம்.

சூட்டைச் சுமக்கும் வேலை

இந்த மிஷினில் இருப்பது ரைசன் 9 7950எக்ஸ் பிராசசர். முழு மூச்சில் ஓடினால் 230 வாட் வரை இழுக்கும். கூடவே ஆர்டிஎக்ஸ் 4080 கிராபிக்ஸ் கார்டு, 320 வாட். இரண்டும் சேர்ந்து 550 வாட். இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். சாதாரண கேபினெட்டில் அந்தச் சூட்டை விரட்டச் சின்னச் சின்ன ஃபேன்கள் தலைதெறிக்கச் சுற்றும். நம் காதைத் துளைப்பது அந்தச் சத்தம்தான்.

பலர் நினைப்பதுபோல் தண்ணீர் இங்கே எதையும் 'ஜில்' ஆக்குவதில்லை. சூட்டை வாரிக்கொண்டு வேறிடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். ஒரே கொள்ளளவுக்குக் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் சுமக்கும். அதனால் சூடு பிறக்கும் இண்டு இடுக்கில் ஃபேனைத் திணிக்க வேண்டிய அவசியமில்லை. தாராளமாக இடமிருக்கும் இடத்தில் பெரிய ரேடியேட்டரை வைத்து, பெரிய ஃபேன்களை நிதானமாகச் சுற்றவிடலாம். ஃபேனின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கிவிடும். அமைதியின் ரகசியம் இதுதான். மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன்கள் தரும் அமைதி அது. அதற்கு வழிசெய்து கொடுப்பதுதான் தண்ணீரின் வேலை.

கிராபிக்ஸ் கார்டுக்கு ஆபரேஷன்

இந்த இடத்தில்தான் நெஞ்சு படபடக்கிறது. புத்தம்புதிய கார்டின் முதுகைத் திருப்பி, ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறான். மூன்று ஃபேனோடு செங்கல் கனத்துக்கு இருந்த கூலர் தனியே வந்ததும்... அட, இவ்வளவுதானா! உள்ளே இருக்கும் போர்டு கூலரின் நீளம்கூட இல்லை. நடுவில் கண்ணாடியாக மின்னும் ஒரு சதுரம். பரப்பளவு சுமார் 380 சதுர மில்லிமீட்டர். பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர்கூடத் தேறாது. கார்டு கக்கும் சூட்டில் பெரும்பகுதி இந்தத் துக்கடா இடத்திலிருந்துதான் கிளம்புகிறது!

"மாமா, கையை எடுங்க! அதைத் தொடாதீங்க!"

எடுத்தேன். பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகத் தடவி, மெமரி சிப்புகளின்மேல் தெர்மல் பேடுகளை அளவாக வெட்டி ஒட்டுகிறான். பேடின் தடிமன் அரை மில்லிமீட்டர் கூடினாலும் போச்சு. பிளாக் சிப்பின்மேல் சரியாக உட்காராது. பிறகு வாட்டர் பிளாக் ஏறுகிறது. நிக்கல் பூசிய செம்பு; உள்ளே கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும் மெல்லிய தகடுகள். தண்ணீர் அந்தத் தகடுகளின் இடுக்கில் பாய்ந்துதான் சூட்டை அள்ளும். இந்த இடுக்கில் ஒரு துரும்பு அடைத்தாலும் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் புது ரேடியேட்டரையும் சும்மா மாட்டுவதில்லை. தொழிற்சாலையில் பற்றவைத்தபோது உள்ளே தங்கிய கசடு போக, சுடவைத்த டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கழுவுகிறார்கள்.

இன்னொரு கட்டளையும் உண்டு. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் சேரக் கூடாது. சேர்ந்தால் மின்வேதி அரிப்பில் அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். ஏஐஓக்களில் இரண்டும் சேர்ந்தே வருகின்றனவே என்றால், அங்கே அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்து மூடி முத்திரை வைத்துவிடுகிறார்கள். கையால் செய்யும்போது செம்பு, பித்தளை என்று ஒரே பக்கம் நிற்பதுதான் புத்திசாலித்தனம்.

பைப் வளைக்கும் வைபவம்

அடுத்து ஹீட் கன்! அக்ரிலிக் பைப்புக்குள் சிலிகான் கயிறு ஒன்றை நுழைக்கிறான். வளைக்கும்போது பைப் நசுங்காமல் இருக்க அதுதான் காவல். பிறகு சூடான காற்றுக்கு மேலே பைப்பைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஒரு பக்கம் வெந்து, உள்ளே குமிழி கிளம்பிவிடும். ஒரு கட்டத்தில் விறைப்பாக இருந்த பைப் தன்னாலேயே லேசாகத் தொங்குகிறது. அந்த நொடியில் அச்சில் வைத்து வளைத்து, ஆறும்வரை ஆடாமல் பிடித்தால் கச்சிதமான 90 டிகிரி. வெட்டிய விளிம்பைச் சீவி மழமழப்பாக்குவது முக்கியம். கூர்மையாக விட்டால், ஃபிட்டிங்குக்குள் நுழையும்போதே ஓ-ரிங்கைக் கிழித்துவிடும். ஒழுகல் அங்கேதான் தொடங்கும். நல்ல வேளையாக ஃபிட்டிங் மரைகள் எல்லாம் 'ஜி 1/4' என்ற ஒரே அளவு. எந்த பிராண்டும் எதோடும் சேரும்.

பெட்ஜி பைப்பை வளைப்பது இன்னும் சுலபம். ஆனால் அது 60 டிகிரியை நெருங்கும்போதே நெகிழக்கூடும். குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது கவலையே இல்லை. ரேடியேட்டர் எவ்வளவு பெரிதானாலும் தண்ணீரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையைவிடப் பத்து டிகிரி கூடுதலாக நிறுத்தினாலே நல்ல வேலை. ஏசி போடாத சித்திரை மாதத்துச் சென்னை அறை 35 டிகிரி என்றால் தண்ணீர் 45. அதனால்தான் இங்கே அக்ரிலிக். அதனால்தான் ரேடியேட்டரும் ஒன்றுக்கு இரண்டு.

எந்த பாகத்துக்குப் பிறகு எது என்ற பட்டிமன்றம் புதியவர்களிடம் ஓயாது. பிராசசரிலிருந்து வரும் சுடுதண்ணீர் கார்டுக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓடினால், 550 வாட்டும் ஏறிய பிறகுகூடத் தண்ணீரின் சூடு 2 டிகிரிதான் உயரும். பைப் எப்படி அழகாக வருகிறதோ, அப்படியே மாட்டிக்கொள்ளலாம்!

டிஷ்யூ பேப்பர் நேரம்

தண்ணீர் ஊற்றுமுன் காற்றுச் சோதனை. சின்னக் கைப்பம்பால் லூப்புக்குள் அரை பார் அழுத்தம் ஏற்றிவிட்டு, எல்லோரும் மீட்டர் முள்ளையே பார்க்கிறோம். முள் அசையவில்லை. அக்காவும் வந்து நின்றுகொண்டாள்.

அடுத்து ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் விரிகிறது. மதர்போர்டுக்குக் கரண்ட் கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கேபிளில் ஒரு ஜம்பரைச் செருகி, பம்ப்புக்கு மட்டும் உயிர் கொடுக்கிறான். 'டி5' எனப்படும் அந்த பம்ப், லெயிங் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வடிவமைப்பு. வீட்டு வெந்நீர்க் குழாய்களில் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்ப்களின் வம்சம். சுழலும் பாகத்துக்கு அச்சுத்தண்டே இல்லை. ஒரு குண்டின்மேல் உட்கார்ந்து, காந்த விசையில் தண்ணீருக்குள்ளேயே சுற்றுகிறது. தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். வறண்டு ஓடினால் தேய்ந்துபோகும். ஆகவே ஆன் செய்து, தொட்டி காலியாகும் முன் ஆஃப் செய்து, மறுபடி ஊற்றி, மறுபடி ஆன்.

சலசல... களகள... நிறமேற்றிய தண்ணீர் பைப் பைப்பாக ஏறி வளைந்து ஓடுவதைப் பார்க்கும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், கைதட்டத் தோன்றுகிறது! குழாய்த் தண்ணீரையோ போர் தண்ணீரையோ ஊற்றிவிடாதீர்கள், உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டரோடு பாசி பிடிக்காமலிருக்கவும் அரிப்பு வராமலிருக்கவும் மருந்து கலந்திருக்க வேண்டும். பிறகு கேபினெட்டை இப்படியும் அப்படியும் சாய்த்து, மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகளைத் தொட்டிக்கு விரட்ட வேண்டும். குமிழி தீரும்வரை பம்ப் கொப்பளிக்கும். தீர்ந்ததும் சத்தம் அடங்கும்.

கடைசி வித்தை

இத்தனை செய்தும் கேபினெட் திடீர் திடீரென்று 'வ்வ்ரூம்' என்று உறுமினால்? வழக்கமாக ஃபேன்கள் பிராசசரின் சூட்டைப் பார்த்துத்தான் ஓடும். ஒரு ஃபைலைத் திறந்தாலே அது நொடியில் 30 டிகிரி எகிறி இறங்கும். ஃபேனும் கூடவே அலறும். மருமகன் ஒரு சென்சாரைத் தண்ணீருக்குள் வைத்து, அந்த டிகிரியை மட்டும் பார்த்து ஃபேனை ஓட்டுகிறான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4,180 ஜூல் வேண்டும். 550 வாட்டும் மொத்தமாக இறங்கினாலும் ஏழெட்டு வினாடி பிடிக்கும். தண்ணீர் பதறுவதில்லை, ஃபேனும் பதறுவதில்லை.

இதெல்லாம் புதிதா என்றால், இல்லவே இல்லை. 1960களிலேயே ஐபிஎம் தன் ராட்சத மெயின்ஃப்ரேம்களுக்குத் தண்ணீர் ஓடவிட்டது. 1985-இல் வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட்டுகள் மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் முழுசாக மூழ்கிக் கிடந்தன. 2004-இல் ஆப்பிளே பவர் மேக் ஜி5-க்குத் திரவக் குளிர்விப்புக் கொடுத்தது. வீட்டுப் பிரியர்கள் ஆரம்பத்தில் மீன் தொட்டி பம்ப்பையும் கார் ஹீட்டரின் ரேடியேட்டரையும் வைத்து ஒப்பேற்றினார்கள்.

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? பிராசசர் சத்தம் மட்டும்தான் தொல்லை என்றால் லூப்பே வேண்டாம். பெரிய ஏர் கூலர் ஒன்றும் 140 மில்லிமீட்டர் ஃபேன்களும் போதும். செலவும் பல மடங்கு குறைவு, ஒழுகும் பயமும் இல்லை. கிராபிக்ஸ் கார்டையும் வாயடைக்க வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றவும் பொறுமை உண்டு, கூலிங் சாமான் பில் ஒரு சாதாரண கம்ப்யூட்டர் விலையைத் தொட்டாலும் பரவாயில்லை என்பவர்கள் தைரியமாக இறங்கலாம். அப்படி இறங்கினால், கலர் கலர் விளக்குகளுக்கு முன்னால் அந்தக் காற்றழுத்தச் சோதனைக் கருவியை வாங்கிவிடுங்கள்.